எடுத்தது இரண்டு

கோழிக்கூட்டைத் திறக்கப் போன தேவகிருபை, முருங்கை மரத்தடியில் முந்தாநாள் தன் கையால் மூடிய குழி திறந்துகிடப்பதைப் பார்த்தாள். நரி தோண்டியிருந்தால் மண் நாலா பக்கமும் சிதறியிருக்கும். இங்கே மண் முழுவதும் ஒரே பக்கமாக, யாரோ அள்ளி ஒதுக்கியதுபோலக் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. செத்த குட்டியைச் சுற்றிப் புதைத்த துணி, மகள் இன்பத்தின் பழைய கவுன், அடுக்களை வாசற்படியில் கிடந்தது. கிழியவில்லை. நக்கி நக்கி ஈரமாகியிருந்தது.

அவள் முதலில் செய்த காரியம், அந்தக் கவுனை அடுப்பில் போட்டதுதான். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஈரத்துணி எரியாமல் புகைந்தது. மயிர் பொசுங்கும் நாற்றம் வீட்டைச் சுற்றி வந்து மாம்பூ வாசனையோடு கலந்து குமட்டியது.

தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத் தோப்பில், தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை ஓட்டுகிறவருக்கென்று கட்டிய இரண்டு அறை வீடு அது. இன்ஜின் டிரைவர் சத்தியநேசன், அவள் புருஷன், உடைந்த வால்வை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய் நாலு நாளாகிறது. யுத்தகாலத்தில் ஒரு வால்வுக்குப் பட்டறை பட்டறையாக அலைய வேண்டும். சனிக்கிழமைக்கு முன் வரமாட்டான். பகலெல்லாம் தடதடத்த இன்ஜின் ஓய்ந்ததும், அதுவரை காதில் விழாத சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கிட்டே வந்தன. மாம்பூவில் மொய்க்கும் ஈக்கள், மலையிலிருந்து இறங்கும் காற்று, காற்றே இல்லாதபோதும் எங்கோ நொறுங்கும் சருகு.

இன்ஜின் ஓய்ந்த முதல் நாள்தான் ஓடைக்கு விறகு பொறுக்கப் போனாள். பாறை இடுக்கில் இரண்டு கரடிக்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. தாயைக் காணோம். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் வீட்டில், வாசலில் போட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை வளர்த்தவள் அவள். அங்கே ஒரே சட்டம்: முதலில் எடு, பிறகு கேள். அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிப்போயிருந்தது. தாய் எங்கே போயிருக்கும், வருமா என்று கொஞ்ச நேரம் மறைந்து நின்று பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டையும் கடகப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, திரியை நனைத்துப் பசும்பால் ஊட்டினாள். மறுநாள் சின்னதற்குப் புரையேறியது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். மூக்கில் ஊதினாள். ஜெபித்தாள். அது அவள் உள்ளங்கையிலேயே சில்லிட்டுப் போனது.

மிஷனில் அவள் கையில் ஒரு பிள்ளைகூடத் தவறியதில்லை என்று பேர். அந்தப் பேர் போன இடம் யாருக்கும் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் குழி வெட்டி மூடினாள்.

இன்னொரு குட்டி பிழைத்துக்கொண்டது. இரண்டரை வயது இன்பம் அதை விட்டுப் பிரியவில்லை. ஒரே சாக்கில் சுருண்டு படுத்தார்கள். குட்டி தன் பாதத்தைச் சப்பிக்கொண்டு ராட்டை சுற்றுவதுபோல ம்ம்ம் என்று முனகும். இன்பமும் கையை வாயில் வைத்துக்கொண்டு கூடவே முனகுவாள். நேற்றுக் குளிப்பாட்டியும் பிள்ளைமேல் அந்த வாடை போகவில்லை.

எட்டு மணிக்குத் தோப்புக் காவல்காரர் மாரிச்சாமி வந்தார். முற்றத்தில் கால் வைக்காமலே நின்றார்.

"என்னம்மா இது? வீட்டைச் சுத்தி நாலு வட்டம் தடம் போயிருக்கு. மனுசக் காலு கெணக்கா."

அவள் குட்டியைக் கொண்டுவந்து காட்டினாள்.

"யாரக் கேட்டு எடுத்தே?"

"தாயில்லாமக் கெடந்துச்சு அண்ணாச்சி. பசியில கத்துச்சு."

"தாயில்லாமலா? அது கரையான் திங்கப் போயிருக்கும். செத்த நேரம் தள்ளி நின்னுருந்தா நீயே பாத்துருப்ப. எம்புட்டுப் பசிச்சாலும் அது வாரவரைக்கும் குட்டி அங்கனதான் கெடக்கும்." அவர் மூக்கைச் சுளித்து அடுக்களைப் பக்கம் பார்த்தார். "ஒண்ணுதானா? கரடி ரெண்டுல்லா போடும்?"

அவள் குட்டியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு எடுத்து ஒண்ணு தவறிட்டுன்னா மறைக்காமச் சொல்லிரு தாயி. பிள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பமே என்கூட ஊருக்கு வந்துரு. கணக்குத் தீராம அது இந்த எடத்த விட்டுப் போவாது."

"ஒண்ணுதான்," என்றாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் சரி. பாறைக்குக் கொண்டு போவாத, அது இங்கனதான் சுத்துது. பொழுது சாயயில கடகத்தோட முத்தத்துல வச்சிட்டுக் கதவச் சாத்திக்கோ. எடுத்துக்கிட்டுப் போயிரும்."

அவர் தலை வரப்புக்கு அந்தப் பக்கம் மறையும்வரை நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை.

உச்சிப் பொழுதில் மனது தாளவில்லை. இன்பத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குட்டியைப் பெட்டியில் விட்டுவிட்டு, தேவதானம் பாதையில் இறங்கினாள். நாற்பது அடி போயிருப்பாள். வலப்பக்கம் காரைப் புதருக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது, கொல்லன் துருத்தியை மெல்ல அமுக்கினால் வருமே, அப்படி. நின்றாள். மூச்சும் நின்றது. ஒரு எட்டு வைத்தாள். புதர் அசைந்தது. இன்பம் அந்தப் பக்கம் கையை நீட்டிச் சிரித்தாள். தேவகிருபை திரும்பிப் பார்க்காமல், ஓடவும் துணிவில்லாமல், பின்னோக்கி நடந்தே வீட்டுக்குள் வந்து விழுந்தாள்.

பிறகு பொழுது நகரவே இல்லை. வெயில் ஓட்டிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து முற்றத்துக்கும் இறங்க ஒரு யுகமானது. மண்ணெண்ணெய் தீர்ந்து பத்து நாளாகிறது. விளக்கு இல்லை. அடுக்களைக்குக் கதவு கிடையாது, பனையோலைத் தட்டிதான். உரலை உருட்டி அதற்கு அண்டக் கொடுத்தாள். மலை நிழல் தோப்பில் விழுந்ததும் குட்டியை எடுத்தாள். அது அவள் கூந்தலைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒவ்வொரு நகமாகப் பிரித்து எடுத்தாள். கடகத்தில் போட்டாள். முற்றத்தில் வைத்தாள். ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டாள்.

இன்பம் பாயில் உட்கார்ந்து அழுதாள். குட்டி வெளியே அழுதது. யார் எப்போது அழுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை.

கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். மாமரங்களுக்கு இடையே இருந்த இருட்டில் ஒரு துண்டு தனியாகப் பிரிந்து நடந்து வந்தது. நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு. அது கடகத்தின்மேல் குனிந்தது. குட்டியின் அழுகை நின்றது. சப்பும் ஓசை. முனகல். தேவகிருபைக்குக் கண்ணீர் கொட்டியது. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று உதடு முணுமுணுத்தது.

அது போகவில்லை.

கடகத்தைக் கவிழ்த்தது. உள்ளே நகத்தால் சுரண்டியது. நிமிர்த்தியது. மறுபடி கவிழ்த்தது. முருங்கை மரத்தடிக்குப் போனது. குழியை முகர்ந்தது. திரும்பி வந்தது. மறுபடியும் கடகம். மறுபடியும் குழி. பிறகு நேராக வாசலுக்கு.

கதவின் அடியில் மூச்சு. ஈரம். மண்ணும் புளித்த பாலும் கலந்த வாடை. அவள் பாதத்தின்மேல் சூடு பட்டது. கதவை இடிக்கவில்லை. பிறாண்டவில்லை. காத்திருந்தது.

தேவகிருபை கதவோடு கதவாக முழந்தாளிட்டாள். காலையில் ஒரு மனிதரிடம் வராத வார்த்தை இப்போது வந்தது.

"செத்துப்போச்சு. ரெண்டுதான் எடுத்தேன். ஒண்ணு என் கையிலயே செத்துப்போச்சு. வேணும்னு செய்யல. நீ போட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன். என்னைய என்னமும் செஞ்சிக்கோ. என் பிள்ளைய விட்டுரு."

மூச்சு நின்றது. நெடுநேரம் எதுவுமில்லை. அடி எடுத்து வைக்கும் சத்தம் சுவரோரமாக நகர்ந்து, தேய்ந்து, இல்லாமலானது. போய்விட்டது. போய்த்தான் விட்டது. அவள் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு அழுதாள். தன் அழுகையைத் தவிர வீட்டில் வேறு அழுகை இல்லை என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பினாள்.

பாய் வெறுமையாக இருந்தது.

அடுக்களை. உரல் வைத்த இடத்திலேயே இருந்தது. தட்டியின் கீழ்மூலை மட்டும் வெளியிலிருந்து தூக்கப்பட்டிருந்தது. ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு. வளைந்த நகங்கள் நாலைந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை தட்டியை மெல்ல, சத்தமில்லாமல், கீழே இறக்கிவிட்டன.

உரலைப் புரட்டினாள். தட்டியைப் பிய்த்தாள். வெளியே ஓடினாள்.

மாமர வரிசைக்கு நடுவே கரடி போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். பின்பாகத்தைத் தாழ்த்தி, முதுகு குலுங்காமல், பார்த்துப் பார்த்து அடிவைத்து. தோளருகே முதுகில் குட்டி. அதற்குப் பின்னால் வெள்ளைக் கவுன். இரண்டு சின்னக் கைகள் மயிரைக் கொத்தாகப் பற்றியிருந்தன. வரப்பு ஏறும்போது வெள்ளைக் கவுன் ஒரு பக்கம் சரிந்தது. கரடி நின்றது. பிள்ளை மறுபடி ஏறிச் சரியாக உட்காரும்வரை அசையாமல் நின்றது.

"இன்பம்! ஏட்டி, இன்பம்!"

பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். யாரோ அந்நியப் பெண் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு வருகிறாள் என்பதுபோல மிரண்டாள். அந்தக் கறுப்பு மயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கரடி ஓடைக்குள் இறங்கியது.