பன்னிரண்டாவது விடைத்தாள்

திங்கள், காலை 9.10. ஜூஜுவாடியில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. அதன் பயிற்சி அறையில் பீரோவைத் திறந்த ஆங்கில ஆசிரியை ஜெபசீலி, விடைத்தாள் கட்டை மூன்று முறை எண்ணினாள். பதினொன்றுதான் இருந்தது. லாவண்யாவின் தாளைக் காணோம்.

9.25. பாதுகாப்பு அதிகாரி இன்னாசிமுத்து படியேறி வந்தார். போலீசில் முப்பது வருடம் ஓடி ஓய்ந்தவர். முழங்கால் வலிக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

“என்ன பரீட்சை டீச்சர்?”

“லைன் லீடர் வேலைக்கு சார். இங்கிலீஷ்ல ஷிப்ட் ரிப்போர்ட் எழுதணுமில்ல? எங்க கேபிடல் லெட்டர், எங்க புள்ளி, எங்க கமா, எங்க கேள்விக்குறி, அவ்வளவுதான். சனிக்கிழமை, பதினாலாம் தேதி வெச்சேன். இருக்கறது ஒரே இடம். இன்னிக்குப் பன்னண்டு மணிக்குள்ள மார்க் அனுப்பணும்.”

“பீரோ சாவி?”

“மேஜை டிராயர்லதான் கிடக்கும். எல்லாருக்கும் தெரியும்.”

இன்னாசிமுத்து ஜெபசீலி எழுதிய வருகைப் பட்டியலை எடுத்தார். பன்னிரண்டு கையெழுத்துகள். பெயர்களில் இரண்டு இடத்தில் வொய்ட்னர் பூச்சு. அடியில், ‘பெற்ற விடைத்தாள்கள்’ என்ற இடத்தில், 12-இன் மேல் ஒரு நேர்கோடு. மேலே 11. பக்கத்தில் பொடியாக 15/6.

“நீங்க திருத்தினதா?”

“பன்னண்டுன்னு எழுதினது ஞாபகம் இருக்கு. திருத்தினது... ஒரு நாளைக்கு மூணு கம்பெனி ஏறி இறங்கறேன் சார். நிச்சயமாச் சொல்ல முடியல.”

ஆபீசில் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். தாளைக் கொடுக்காமல் லாவண்யாவே எடுத்துப் போய்விட்டாளாம்.

9.50. லாவண்யா வந்தாள். சிங்காரப்பேட்டைக்காரி. குவாலிட்டி பிரிவில் ஆறு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி.

“பேப்பரைக் குடுத்தியாம்மா?”

“டீச்சர் கையிலதான் குடுத்தேன் சார். மூணு மாசம் கம்பெனி பஸ்ல நின்னுட்டே படிச்சேன். இதுல ஜெயிச்சாத்தான் பர்மனென்ட். ஆகஸ்ட்ல முப்பது வயசு ஆயிடும். அப்புறம் எழுத விடமாட்டாங்க.”

10.15. சுபாஷ். அதே வேலைக்குப் போட்டியிடுபவன்.

“சனிக்கிழமை கடைசியா வெளிய வந்தது நீதானே?”

“ஆமா சார். நேரா பாகலூர் போயிட்டேன். மச்சினி கல்யாணம். ஞாயித்துக்கிழமையும் அங்கதான்.”

“லாவண்யா மேல பயமா?”

“பயம்தான் சார். நல்லா எழுதுவா.”

இவனே திருடனாக இருந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். இன்னாசிமுத்து அலுப்போடு பட்டியலை மறுபடி பார்த்தார். பிறகு கேட் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்.

11.05. குவாலிட்டி சூப்பர்வைசர் பென்சனின் அறை. ஜெபசீலியும் லாவண்யாவும் வாசலில் நின்றார்கள்.

“டீச்சர் தப்பு பண்ணா வொய்ட்னர் பூசுவாங்க. லிஸ்ட்லயே இருக்கு,” என்றார் இன்னாசிமுத்து. “ஒத்தக் கோடு போட்டு, பக்கத்துல தேதி போடறது இந்தக் கம்பெனி பதிவேட்டுப் பழக்கம். தாளை எடுத்தவர் கணக்கைத் திருத்தினார். பழகின கை தானா அன்னிக்குத் தேதியையும் போட்டுடுச்சு. எல்லாரும் அதைப் பரீட்சைத் தேதின்னு தாண்டிப் போனோம், நானும்தான். பரீட்சை பதினாலு. இது பதினஞ்சு, ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு உள்ள வந்தது ரெண்டே பேர். பெருக்க வந்த நாராயணம்மா இங்க ஒரு பதிவேட்டையும் தொட்டதில்ல. இன்னொருத்தர் நீங்க, பென்சன்.”

பென்சன் வாதாடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் லாவண்யாவின் தாள் கசங்காமல் இருந்தது.

“கிழிக்கலையா?”

“ரெக்கார்டை எப்படி சார் கிழிக்கறது?”

“சுபாஷுக்காகவா பண்ணீங்க?”

“சுபாஷ் யாரு எனக்கு? இவ போயிட்டா என் செக்‌ஷன்ல வேலை தெரிஞ்சவங்க யாருமில்ல. அடுத்த மாசம் ஆடிட். யாரை வெச்சு சார் ஓட்டறது?”

லாவண்யா அவரையே பார்த்தாள். “உன்னை மாதிரி வேலை தெரிஞ்சவ கிடையாதுன்னு சொல்லுவீங்களே சார். வீட்டுக்குப் போன் போட்டு அதைச் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டேன்.”

பென்சன் தாளை உறையிலிருந்து உருவி ஜெபசீலியிடம் நீட்டினார்.

11.40. ஜெபசீலி தாளைத் திருத்தி முடித்தாள். ஐம்பதுக்கு நாற்பத்தாறு. மற்ற பதினொரு பேரும் அதற்குக் கீழேதான். 11.52-க்கு மதிப்பெண் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

“அருமையா எழுதியிருக்கேம்மா,” என்றாள் ஜெபசீலி. “இப்பப் போய் ஏன் அழற?”

லாவண்யா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“யாராவது நல்லா இருக்குன்னு சொன்னாலே இனிமே பயமா இருக்கும் மேடம்.”