பதினோரு நொடிக்குச் சொந்தக்காரர்

இசையமைப்பாளர் நிகிலனின் நெற்றிப்பட்டையில் அந்தப் பதினோரு நொடி மட்டும் பதிவாகவில்லை.

மற்றதெல்லாம் இருந்தது. பல்லவி பிறந்தது மார்ச் ஒன்பது, காலை 10.42, கிண்டி சிக்னலில். அளவு 71. முதல் சரணம் குளியலறையில், 64. இடையிசை பல்வலியோடு, 58. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் கோடு செத்ததுபோல் நேராகக் கிடந்தது. நாடே முணுமுணுத்துக்கொண்டிருந்தது அந்த இடத்தைத்தான்.

தேசியத் திரையிசை விருதுக் குழுவின் கடிதம் சுருக்கமாக இருந்தது. பாடல் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. பதினோரு நொடிக்குத் தாய் இல்லை. பத்து நாளில் விளக்கம் தேவை. இல்லையென்றால் அது திருட்டு.

இப்படி ஒரு விதி வந்ததற்குக் காரணம் இருந்தது. கணினிகள் நிமிடத்துக்கு நாற்பது மெட்டுப் போட ஆரம்பித்த பிறகு, எது மனிதன் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒலிப்பதிவை யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம். அப்போதுதான் முனைவர் வரதகுட்டி கருமானி என்ற கருவியைக் கொண்டுவந்தார். மூளையில் ஒரு மெட்டு முதன்முதலாகத் தோன்றும் கணத்தில் ஒரு மின் அலை துள்ளும். நெற்றியில் கட்டிய பட்டை அதைப் பிடித்து, சுழியத்திலிருந்து நூறுக்குள் ஓர் அளவு கொடுக்கும். அந்த மூளைக்குச் சொந்தக்காரர்தான் மெட்டின் தாய். இசையமைப்பாளர்கள் தூங்கும்போதும் அதைக் கழற்றக் கூடாது. பிரிவு ஒன்பதின்படி கருமானியின் அளவே இறுதி. மனிதர் எவரும் தலையிட முடியாது.

"எனக்கு இசை சுத்தமாகத் தெரியாது. அதனால்தான் என் கருவி நடுநிலையானது" என்று எல்லா மேடையிலும் சொல்வார் வரதகுட்டி. எல்லா மேடையிலும் கைதட்டுவார்கள்.

சாலிகிராமம் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிப்பொறியாளர் ஜாபர் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தார். ட்ராக் எடுத்த நாளின் பதிவு. நட்சத்திரப் பாடகி வந்து பாடுவதற்கு முன், மெட்டைப் பிடித்துவைக்க இன்னொருவர் மாதிரியாகப் பாடுவதுதான் ட்ராக். நட்சத்திரம் அதைக் கேட்டுக் கேட்டுப் பாடிவிட்டுப் போனதும் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். பாடியவரின் பெயர் எங்கும் வராது. ஜாபருக்கு மட்டும் எதையும் அழிக்க மனம் வராத வியாதி.

அன்று ட்ராக் பாடிய மரிய புஷ்பத்தின் குரல் கேட்டது. திரும்பும் இடத்தில் அவளுக்கு மெட்டு மறந்துவிட்டது. நிற்காமல் எங்கோ கீழே சரிந்து, சுற்றி, எப்படியோ பல்லவியில் வந்து விழுந்தாள். "சாரி சார், தப்பாப் போயிட்டேன். இன்னொரு டேக் போலாம்." அடுத்து நிகிலனின் குரல்: "டேக் ஓகேக்கா. இருக்கட்டும்."

நிகிலன் ஹெட்போனைக் கழற்றினான். "அக்காவ வரச் சொல்லுங்க பாய்."

புஷ்பம் வந்தாள். நாற்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக ட்ராக் பாடுகிறாள். தூத்துக்குடியில் மாதா கோயில் பாட்டுக்குழுவில் தொடங்கிய தொண்டை.

"அக்கா, ஒரு கையெழுத்து போதும். அந்த லைன நான் வாயால சொல்லிக் குடுத்தேன், நீங்க பாடினீங்கன்னு. அன்னிக்குப் பட்டை சார்ஜ் எறங்கியிருந்துச்சுன்னு நான் எழுதிக்கிறேன்."

"நீங்க சொல்லிக் குடுக்கலையே தம்பி."

"அது எனக்கும் தெரியும்."

"அப்ப என் பேரப் போடுங்க."

நிகிலன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, களைப்பு. "ஒரு பாட்டுக்கு ஒரு தாய்தான்கா. பாகம் பிரிக்க விதி இல்ல. டைட்டில்லயே ட்ராக் பாடுறவங்களுக்கு இடம் கிடையாது, விருதுலயா குடுப்பாங்க? இதுக்கு ஏன்கா பிடிவாதம்?"

"டீ வாங்கிட்டு வர்ற தம்பி பேரு டைட்டில்ல ஓடுது. ஜெனரேட்டர் வண்டிக்கு நன்றி சொல்றீங்க. ஊரு முழுக்க என் தப்பப் பாடிக்கிட்டுத் திரியுது, எனக்கு ஒரு வரி இல்லன்னா எப்படி?"

"இந்த ரெக்கார்டிங்க குடுத்துடலாமே" என்றார் ஜாபர்.

"ஒலிப்பதிவு சாட்சியாகாது பாய். பட்டை மட்டும்தான். அக்கா அன்னிக்குப் பட்டை போடல."

"ட்ராக் பாடுறவளுக்கு யாரு பட்டை குடுத்தா?" என்றாள் புஷ்பம். "சரி. உரிமை கேக்குறவங்க விழா மேடையில பட்டை போட்டுப் பாடலாம்னு ஒரு விதி இருக்காமே?"

நிகிலன் நிமிர்ந்து பார்த்தான். பன்னிரண்டு வருடத்தில் அந்த விதியை யாரும் தொட்டதில்லை.

"அக்கா, ஏற்கெனவே தெரிஞ்ச பாட்டு. முள்ளு அசையாது. நாடே பாக்கும். அசிங்கமாயிடும்."

"எனக்குத்தான? நான் பாத்துக்கிறேன்."

அந்த ஆண்டு விழா சென்னையில் நடந்தது. பகல் பதினொரு மணி, ஆயிரத்து எண்ணூறு நாற்காலிகள், மேடைக்குப் பின்னால் இரண்டு மாடி உயரத்துக்குக் கருமானியின் திரை. வரதகுட்டி தானே வந்து புஷ்பத்தின் நெற்றியில் பட்டையைக் கட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"பெற்ற மூளை தன் குழந்தையை எத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் துள்ளும்" என்று அவையிடம் விளக்கினார். "இது என் கோட்பாடு. பாடுங்கள் அம்மா."

புஷ்பம் பாடினாள். ஓர் இழைகூடப் பிசகாமல், அன்று விழுந்ததுபோலவே விழுந்து, சுற்றி, பல்லவியில் வந்து நின்றாள். அரங்கில் பாதிப் பேர் கூடவே வாயசைத்தார்கள்.

திரையில் 2.

"பார்த்தீர்களா?" என்றார் வரதகுட்டி, இரக்கத்தோடு. "இது உங்களுக்குள் பிறக்கவில்லை அம்மா."

"அது அன்னிக்கே பொறந்திருச்சு சார். ஒரே புள்ளைய ரெண்டு தடவ பெக்க முடியுமா?"

சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் நிகிலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு சந்தேகம் சார். பாட்டே தெரியாதவங்க பாடினா இது எவ்வளவு காட்டும்?"

"சுழியம்."

"உங்களுக்குப் பாட்டு தெரியாதுன்னு சொல்வீங்களே. பாடிக் காட்டுங்க. உங்களுக்குச் சுழியம்னா எனக்கு ரெண்டாச்சும் வந்துச்சேன்னு எறங்கிப் போயிடறேன்."

மறுக்க வழியில்லை. மறுக்க வேண்டிய அவசியமும் அவருக்குத் தோன்றவில்லை. பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டார், தொண்டையைச் செருமினார், பாடினார்.

முதல் சுரமே வேறு வீட்டுக்குப் போனது. இரண்டாவது அதைத் தேடிக்கொண்டு போய் அதுவும் தொலைந்தது. சரியான இடத்தைப் பிடிக்க அவர் பட்ட பாடு ஒவ்வொன்றும் இதுவரை எந்தக் காதும் கேட்காத இடத்தில் போய் நின்றது. மூளை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு வழி தேடியது. முள் துள்ளியது. 40. 68. 83. அவர் திரையைப் பார்த்துப் பதறியதில் இன்னும் விலகிப் போனார்.

96 என்று காட்டிவிட்டு, கருமானி தன் இனிய பெண்குரலில் அறிவித்தது: "தாய் கண்டறியப்பட்டது. முனைவர் வரதகுட்டி."

யாரும் தலையிட முடியாது. விதியை எழுதியவரே அவர்தான். மத்திய அமைச்சர் பட்டயத்தைக் கொடுத்தார், சால்வை போர்த்தினார். அரங்கம் எழுந்து நின்று சிரித்தது.

பொறியியல் படிக்காத புஷ்பத்துக்கு இது முன்பே தெரியும். முப்பது வருடத்தில் அவள் பாட்டில் புதிதாக வந்தது எல்லாம் வழி தவறியபோது வந்ததுதான். தவறிய இடத்தை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று யாராவது ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை அளக்க முள் கிடையாது.

மறுமாதம் நிகிலன் புதுப் படத்துக்கு ட்ராக் எடுக்கக் கூப்பிட்டான். அவன் நெற்றியில் பட்டை இல்லை, அது இருந்த இடம் வெளுத்துப்போயிருந்தது.

"அக்கா, நாலாவது வரி ரொம்ப நேராப் போகுது. அன்னிக்கு மாதிரி கொஞ்சம் தப்புப் பண்ணுங்களேன்."

"மொதல்ல பேரு. அப்புறம் தப்பு."

அவன் ஜாபரைப் பார்த்தான். ஜாபர் கூரையைப் பார்த்தார். நிகிலன் டைட்டில் பட்டியலைத் திறந்து, தன் பெயருக்கு அடுத்த வரியில் 'ட்ராக்: மரிய புஷ்பம்' என்று அடித்தான். அவள் எட்டிப் பார்த்து, 'மரிய'வுக்கும் 'புஷ்ப'த்துக்கும் நடுவே இடம் விட்டிருக்கிறானா என்று சரிபார்த்தாள். பிறகுதான் மைக் முன்னால் போனாள்.

இரண்டாவது டேக்கின்போது வரதகுட்டி வந்தார். கையில் ஒரு தாள். பாடும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் பாடி முடிக்கும்வரை காத்திருந்தார். ஒரு மாதத்தில் இளைத்திருந்தார். போகிற இடமெல்லாம் விருதுப் பாட்டைப் பாடச் சொல்கிறார்கள். பாடினால் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது வேறு பாட்டாக அவர் பெயரிலேயே பதிவாகிறது. நாட்டிலேயே அதிகப் பாடல்களுக்குத் தாய் இப்போது அவர்தான்.

"கையெழுத்துப் போடுங்கள் அம்மா. விருது உங்களுக்கே. பெயரோடு, பட்டயத்தோடு."

அவள் படித்தாள். 'பதினோரு நொடியும் என் மூளையில் பிறந்தவை. மேடையில் அளவு குறைந்ததற்கு நான் பட்டையைச் சரியாக அணியாததே காரணம்.'

"நீங்கதான சார் கட்டிவிட்டீங்க?"

அவர் பேனாவை நீட்டினார்.

"ரெண்டாவது வரிய அடிச்சிட்டு, மெஷினுக்கு இது தெரியாதுன்னு எழுதுங்க. இப்பவே போடறேன்."

"முடியாது. பதினாலு நாடு வாங்கியிருக்கிறது. நீதிமன்றத்தில் வைத்திருக்கிறார்கள். பள்ளித் தேர்வில் எந்தப் பையன் சொந்தமாக எழுதினான் என்று இதைத்தான் கேட்கிறார்கள். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் எல்லாம் போயிற்று." குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு விருது வேண்டாமா?"

"வேணும் சார். அதுக்குத்தான் மேடை ஏறினேன். ஆனா அந்த மெஷின் நல்லது, நான்தான் சரியில்லைன்னு எழுதிக் குடுத்து வாங்கிக்க மாட்டேன்."

"அப்படியென்றால் என் பெயரில் இருக்கும் அந்தப் பட்டயம்? எல்லாருக்கும் தெரியும் அது தவறு என்று. உங்களுக்கும் தெரியும்."

புஷ்பம் தாளை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"டேக் ஓகே சார்," என்றாள். "இருக்கட்டும்."