எண்பத்தேழாம் நம்பர் இன்ஜின்

"பொம்மை ரயில் அசலா போலியான்னு பாக்குறவுக நீங்கதானே?"

1942 ஐப்பசி, வெள்ளிக்கிழமை. வில்லாபுரத்திலிருந்து நடந்தே வந்த முத்துத்தாய், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தகர இன்ஜினை மேசைமேல் வைத்தாள். ஜமீன் வீட்டுச் சீமை ரயில்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் பசுபதி நிமிர்ந்தார். அவருடைய உதவியாளன் கருத்தக்கண்ணன் அதற்குள் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டான்.

"பர்மாவுல இருந்து நடந்து வந்த ஆளு குடுத்தான். எங்க வீட்டுக்காரரு வழியிலயே செத்துட்டாராம். பொட்டழிக்கச் சொல்றாக. ஆனா ஐயா, அவரு கொண்டுபோன பொம்மை வண்டி அவருக்கு உசுரு. இருக்குறவரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டாரு. இது அது இல்ல. அதுல நம்பரே கிடையாது. போலின்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, பெரியவுககிட்ட காட்டணும்."

இன்ஜினின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட்டில் 87 என்று இருந்தது.

கருத்தக்கண்ணன் கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டினான். "அண்ணே! இந்த ஜெர்மன் இன்ஜினுக்கு அச்சடிச்ச நம்பர் 1452. எண்பத்தேழுன்னு ஒண்ணு வரவே இல்ல. சுத்தப் போலி! தாயி, உன் புருசன் உசுரோடதான் இருப்பாரு!"

முத்துத்தாய் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

பசுபதி எண்ணின்மேல் விரல் நுனியை ஓட்டினார். "அதுல நம்பர் எப்படிம்மா இல்லாமப் போச்சு?"

அவளுக்கு வெட்கம். "கல்யாணமான வருசம் ஆயுத பூசைக்கு, குத்துவெளக்கோட அதையும் சேத்துப் புளியும் தேங்கா நாரும் போட்டுத் தேச்சுப்புட்டேன். 'என் இன்ஜினை மொட்டையடிச்சுட்டியேடி'ன்னு சிரிச்சாரு."

"அவருக்கு அது ஏது?"

"எங்க மாமனாரு ரயில்ல கரி அள்ளிப் போட்டவரு. சீமைக்குத் திரும்பிப் போன டிரைவர் தொரை குடுத்தது."

"மாமனார் எந்த இன்ஜின்ல இருந்தாரு?"

"எண்ப..."

அவள் கண் இன்ஜினின் பக்கவாட்டுக்குப் போனது.

பசுபதி குரலைத் தாழ்த்தினார். "போலி பண்றவன் உன்னை மாதிரி புத்தகத்தைப் பாத்து 1452ன்னு எழுதியிருப்பான், கண்ணா. அப்பா கரி போட்ட இன்ஜின் நம்பரை, பர்மா போனபிறகு மகன்தான் எழுதியிருக்கணும். பெயின்ட்டுக்கு அடியில வட்ட வட்டமா நார்க் கீறல். தடவிப் பாரு."

கருத்தக்கண்ணன் கையை நீட்டவில்லை.

முத்துத்தாய் இன்ஜினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பொட்டழிக்கக் கூடாது. நாளைக்குக் கண்டுபிடிச்சதா இருக்கட்டுமே."

பசுபதி பேனாவைத் திறந்தார். சீட்டில் மறுநாள் தேதியைப் போட்டார்.