உங்கப்பா எந்தக் கட்டில்

முத்துக்குமாரசாமி காப்பித் தம்ளரை இடது கையால் வாங்கினார்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மகன் குமரகுருவுக்கு அது உறுத்தியது. அப்பா தென்காசியில் தலைமையாசிரியராக இருந்தவர். இடது கையை நீட்டும் பிள்ளைகளின் புறங்கையில் பிரம்பு விழும், சொந்தப் பிள்ளையானாலும். ஆனால் புத்தி பேதலித்த கிழவருக்கு இடமென்ன வலமென்ன என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கு அவசரம். நண்பர்களோடு துபாயிலிருந்து சீசனுக்கு வந்திருந்தான். ஐந்தருவியில் குளித்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் வழியில்தான் இந்த இல்லம் இருந்தது. அதனால்தான் இறங்கினான். அப்பாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

முன்பு அது சீசன்காரர்கள் தங்கும் லாட்ஜ். இப்போது வாசலில் 'மறதிநோய் முதியோர் பராமரிப்பு' என்று பலகை. வரவேற்பறையில் தூசி படிந்த பிளாஸ்டிக் ரோஜா, பல் தெரியச் சிரிக்கும் வெள்ளைக்காரக் கிழவர்களின் படம், அதன் கீழே 'அண்பே மருந்து'. அன்பைக்கூடப் பிழையில்லாமல் எழுதத் தெரியாத கூட்டம் என்று குமரகுரு உதட்டைச் சுழித்தான். அப்பாவைச் சேர்த்த அன்றும் அந்தப் பலகை அங்கேதான் இருந்தது. அன்றைக்கு அவன் அதைப் படிக்கவில்லை.

"ஐயா நல்லா சாப்புடுதாவ சார். படுத்தா எந்திரிக்கதே இல்ல. ஒரு தொந்தரவும் கிடையாது" என்றாள் மேலாளர் ஜோதிலட்சுமி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கிழவரின் கடைவாயில் காப்பி வழிந்து கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. யாராவது துடைப்பார்கள் என்று குமரகுரு பார்த்தான். யாரும் துடைக்கவில்லை. அருவருப்போடு கைக்குட்டையை இரண்டு விரல் நுனியில் பிடித்துத் தானே துடைத்தான். கம்பளிக் குல்லா விலகியது. மாதா மாதம் வீடியோவில் அப்பா அந்தக் குல்லாவோடுதான் வருவார். சாரல் குளிர் என்பார்கள்.

குல்லாவுக்குள் இருந்த காது மடல் மழமழவென்று இருந்தது.

அப்பாவுக்குச் சின்ன வயதில் கடுக்கன் போட்டிருந்தார்கள். கடுக்கன் போன பிறகும் அந்தத் துளைகள் இருந்தன. துளை தூர்ந்து போகலாம். வடுகூட இல்லாமல் போகுமா? மற்றக் காதைப் பார்த்தான். அதுவும் அப்படியே. கிழவர் அவனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரனைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"இது எங்கப்பா இல்ல."

ஜோதிலட்சுமி பதறவில்லை. "நோவு முத்துனா மொகம் மாறிரும் சார்."

"காதுமா மாறும்?"

அப்போதுதான் அவள் கைபேசியைக் கீழே வைத்தாள். ஈரச் செருப்போடு உள்ளே வந்தவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். "போன மாசமும் இவுகளத்தான் வீடியோல காமிச்சோம். 'எப்படியிருக்கிய அப்பா'ன்னு நீங்கதான கேட்டீய? அதுக்கு முந்துன மாசமும் இவுகதான்." சாவிக்கொத்தை எடுத்தாள். "சந்தேகம்னா உள்ள போய்ப் பாருங்க. எந்தக் கட்டில்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போங்க."

உதவியாள் சுடலைராஜ் முன்னால் நடந்தான். நடைவழியில் ஃபினாயில் வாடை, அதற்குக் கீழே மூத்திர வாடை, இரண்டுக்கும் கீழே, சாரலில் காயாமல் முடைநாற்றமெடுத்த துணிகளின் வாடை. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்தது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. கடைசியில் ஒரு இரும்புக் கதவு, வெளியே தாழ்ப்பாள், அதில் பூட்டு.

"வெளிய எதுக்குப் பூட்டு? தீ கீ பிடிச்சா?"

"எந்திரிச்சு நடந்து விழுந்துருவாவ சார். நான் ஒருத்தன் யாரப் பாக்க?" பூட்டைத் திறந்தான். "கரண்டு இல்ல. போன் வெளிச்சத்துல பாத்துக்கோங்க."

நீளமான கூடம். இருபுறமும் கட்டில்கள். பேனுக்காக மழித்த தலைகள், ஒரே பச்சைச் சட்டை, ஒரே மாதிரி திறந்து கிடக்கும் வாய்கள். மணிக்கட்டுகளைக் கட்டில் கம்பியோடு கிழிந்த சேலைத் துணியால் கட்டியிருந்தார்கள். குமரகுரு மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் கட்டிலில் வெளிச்சம் அடித்தான். காதில் துளை இருந்தது. நிம்மதியாக இருந்தது. அடுத்த கட்டில். அவர் காதிலும் துளை. அதற்கடுத்தவர் காதிலும். இந்தப் பக்கத்தில் அந்த வயதுக்காரர் பாதிப்பேருக்குக் காது குத்தியிருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சரி, முகம். அப்பாவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்தான். வரவில்லை. கண்ணை மூடி மறுபடி முயன்றான். ஒரு கம்பளிக் குல்லா வந்தது. அதற்குள் யாருமில்லை.

"வந்துட்டியாலே" என்றது ஒரு கட்டில்.

வெளிச்சத்தைத் திருப்பினான். பல்லில்லாத வாய் ஒன்று அவனைப் பார்த்துச் சிரித்தது.

"வந்துட்டியாலே" என்றது எதிர்க் கட்டில்.

பிறகு அதற்கடுத்தது. பிறகு கூடம் முழுவதும். யாரும் கத்தவில்லை. பள்ளிவிட்டு வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல, ஆசையாக.

"நான் உங்க பிள்ள இல்ல" என்றான் குமரகுரு. ஒவ்வொரு கட்டிலாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தான். முதுகு, மூடியிருந்த கதவில் முட்டியது. தள்ளினான். திறக்கவில்லை.

"சுடலை. ஏய், சுடலை. கதவத் திற."

மழைதான் கேட்டது.

வெளிச்சத்தை மறுபடி உள்ளே அடித்தான். பக்கத்துக் கட்டிலின் கம்பியில் சேலைத் துணி தொங்கியது. முடிச்சு அவிழவில்லை. அதற்குள் கை இல்லை. அடுத்த கட்டிலிலும் முடிச்சு மட்டும். அடுத்ததிலும். கட்டில்கள் காலி.

கைபேசி அணைந்தது.

தரையில் வெறுங்கால்கள் தேயும் சத்தம். பொறுமையாக. எல்லாப் பக்கமும்.

ஒரு கை அவன் தலையைத் தடவியது. காய்ந்த, லேசான கை. இன்னொன்று கன்னத்தை. இன்னொன்று காதை வருடி மடலைப் பிடித்துப் பார்த்தது. எல்லாமே அன்பாகத்தான் இருந்தன.

அப்போது அந்த இருட்டின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கி வைத்திருந்த குரல். எந்தச் சந்தேகமும் இல்லை. அது அப்பாதான்.

"அவன விட்டுராதிய."

கைகள் இறுகின.