கல்முகையின் மூலச் சில்லு

துகள்வாயிலில் சிவப்பு எரிந்தது. ஆசீர் திருதிருவென விழித்தபடி நின்றான். பின்னால் வந்த அவன் மனைவி பியூலாவுக்கு முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம்தான். மேலக்கரை நகரின் ஒவ்வொரு தெருமுனையிலும் அந்த வாயில்கள் உண்டு. கடந்து போகிறவரின் சட்டையையும் தலைமுடியையும் உறிஞ்சிப் பார்த்து, அவர் எந்தச் செடியை உரசிவிட்டு வந்தார் என்று சொல்லிவிடும். அவற்றுக்கு மகரந்தம் படிக்கச் சொல்லிக்கொடுத்தவளே பியூலாதான்.

"கல்முகை" என்றது வாயில்.

அவரைக் குடும்பத்து மரம் அது. மழை பெய்யாத மண்ணையும் வேரால் கொழுக்க வைக்கும். மலையுச்சியில் கொஞ்சம்தான் மிச்சம். அதன் விதைக்குக் கம்பெனிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்ததால், கிட்டே போனாலே ஐந்தாண்டுச் சிறை.

"நான் மலைப்பக்கமே போவலை பியூலா."

"வாயில் பொய் சொல்லாதுங்க."

"அப்பம் நான் சொல்லுதேனா?"

அவள் வாயிலைத் தாண்டி நடந்தாள். அவளை வாயில் சோதிப்பதில்லை. ஆய்வகத்தில் மகரந்தத்தோடு புழங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு.

விசாரணை நடக்கும்போதே பால்காரர் சுடலைமுத்து மாட்டினார். அடுத்து பக்கத்து வீட்டு எஸ்தர். எல்லாம் கல்முகைதான். ஆசீர் ஒரு கூட்டமே சேர்த்திருக்கிறான் என்று பியூலா முடிவுகட்டினாள். எஸ்தர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து ஆசீரிடம் சிரித்ததெல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. அவன் செருப்படி மண்ணைச் சுரண்டிப் பார்த்தாள். கைப்பேசியைத் துழாவினாள். ஒன்றும் கிடைக்காதபோது சந்தேகம் இன்னும் தடித்தது. இவ்வளவு சுத்தமாக ஒருவன் இருப்பானா?

"உங்க வீட்டுக்காரர் போயிருப்பாராம்மா?" என்று அதிகாரிகள் கேட்டார்கள்.

"வாயில் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த ஒரு வாக்கே போதுமாக இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவளைத் தேற்ற பாஸ்டர் தேவசகாயம் வந்தார். முற்றத்து மர நிழலில் நாற்காலி போட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனவரைத் தெருமுனையில் வாயில் பிடித்தது. கல்முகை! ஆலயப் படி ஏறவே இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டிய மனிதர் மலையுச்சிக்குப் போய்வந்தாராம். பியூலா மாட்டியவர்களை விரல்விட்டு எண்ணினாள். மாட்டிய நால்வரும் வந்து போன இடம் ஒன்றுதான். ஆசீர் எங்கிருந்தோ வாங்கிவந்து நட்ட, ஊரில் வேறெங்கும் இல்லாத அந்த மஞ்சள் பூ மரத்தடி.

ஆய்வகத்துக்கு ஓடினாள். உலர்த்தி வைத்திருந்த கல்முகைக் கிளையிலிருந்து விரியாத மொட்டு ஒன்றைக் கிள்ளிப் பிளந்தாள். மூடிய மொட்டுக்குள் வெளித்தூசு போக வழியில்லை. நுண்ணோக்கியில் மகரந்த மணிகள் தனித்தனியாக, மூன்று வரிப்பிளவுகளோடு கிடந்தன. மூலச் சில்லிலோ பதினாறு மணிகள் ஒட்டிய கொத்து. மூலச் சில்லு என்பது வாயில்களெல்லாம் பார்த்துப் படிக்கும் கண்ணாடித் துண்டு. அதை அவளேதான் செய்தாள். போன பூக்காலத்தில், மலையிலிருந்து வந்த பூவை ஓர் இரவு வீட்டு ஜன்னலில் வைத்திருந்தாள். அதன் சொந்தத் தூள் ஏற்கெனவே உதிர்ந்திருக்க, ஒட்டியது முற்றத்து மரத்தின் தூள். அவரைக் குடும்பத்தில் இரண்டு விதமும் உண்டென்பதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மணிகள் கொத்தாக ஒட்டியிருக்கும் கருவேல வகையோடு கல்முகையைச் சேர்த்துக் கட்டுரை எழுதி, கைதட்டலும் வாங்கியிருந்தாள்.

ஆய்வக இயக்குநர் சங்கரநாராயணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தப்பு என் மேலதான் சார். சில்லை மாத்திருவோம்."

"எப்படிம்மா மாத்துதது? விதியை எழுதுனதே நீங்கதான?"

ஒரே செடிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்து ஆய்வகங்கள் அடித்துக்கொண்ட காலத்தில் அவள் எழுதிய விதி அது. மூலச் சில்லில் எது இருக்கிறதோ, பெயர் அதற்கே. நீதிமன்றமும் அதை ஏற்றிருந்தது.

"சில்லுல இருக்கது உங்க வீட்டு மரம். அப்பம் கல்முகை அதுதான். உங்க வீட்டுக்காரர் அதைத் தொட்டதும் நிசமாயிட்டுல்லா."

"மலையில நிக்கது?"

"அதுக்குப் பேரே இல்லியே. பேரில்லாததை எந்தச் சட்டத்துல காப்பாத்த?"

யோசிக்கவே யோசிக்காமல் அவர் சொன்ன பதில் அவளை உறுத்தியது. இந்தத் தவறு அவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ?

அந்த வாரமே அவள் முற்றத்தைச் சுற்றி வேலி வந்தது, காவலும் வந்தது. வீட்டுக்குள் போக அவளுக்கே அனுமதியில்லை. சிறைக்குப் போகும் வழியில் லாரிகளைப் பார்த்தாள். மலையிலிருந்து வேரோடு பிடுங்கிய கல்முகைகள், காயும் பூவுமாக. குறுக்கே போய் நின்று கத்தினாள்.

"வாயில்ல பச்சை விழுந்துட்டுல்லாம்மா, பொறவு என்ன?" என்றார் ஓட்டுநர். அவர் சட்டையெல்லாம் மகரந்தம்.

சிறைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பியூலா ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆசீர் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க போவலைன்னு இப்பம் எனக்கு நல்லாத் தெரியுங்க" என்று அழுதாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"மொட்டைப் பிளந்து பாத்தேன்."

"மொட்டுக்குள்ளயும் சில்லுல உள்ள கொத்தே இருந்திருந்தா?" என்று கேட்டான்.