நான்காம் அடி

"என் வீட்டுக்காரர் திருடர் இல்லீங்க!" வாசலிலேயே உடைந்து அழுதாள் நிரூபமா.

ஓய்வுபெற்ற காவல் அதிகாரி லிங்கராஜ் பட்டஜோஷி பகாளம் என்னும் தண்ணீர்ச் சோற்றுக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். கூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மிட்டாய்க் கடை உத்தவன் கை கழுவாமலே நிமிர்ந்தான். துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அவள் கணவர் பிருந்தாவனன் மடத்துச் சுவடிக் காப்பாளர். உலகத்தில் ஒரே பிரதியாக இருக்கும் பழைய காவியத்தில் ஓர் ஓலையைக் காணோம். விளக்கு வைப்பதற்குள் கிடைக்காவிட்டால் சாவியை வைத்துவிட்டு வெளியேறு என்று மடாதிபதி சொல்லிவிட்டார்.

"நேத்து பூஜையில சுவடி பக்கத்துல யாரும்மா இருந்தாங்க?" லிங்கராஜ் கேட்டார்.

"இவரு, கட்டாக்கிலேருந்து வந்த பழம்பொருள் வியாபாரி, பாட்டுக்கார கதாதரர். சுவடிக் கயித்தைக்கூட அவிழ்க்கலன்னு மத்த ரெண்டு பேரும் சத்தியம் பண்றாங்க."

"வியாபாரிதான்! முழியே சரியில்ல," என்றான் உத்தவன்.

"நீ பார்த்தியா?"

"இல்ல."

"அப்போ சும்மா இரு. ஏம்மா, அந்தக் காவியத்தை யாராவது பாடிக் கேட்டிருக்கீங்களா?"

"இந்த வாரந்தாங்க பரண்ல கிடைச்சுது. இவரு மட்டுந்தான் படிச்சாரு."

மடத்தில் மடாதிபதி முதல் எல்லோரையும் உட்காரவைத்தார் லிங்கராஜ். ஓலை தொலைந்த இடத்துப் பாட்டில் மூன்று அடிதான் மிச்சம். நான்காவது காணாமல் போன ஓலையில். மூன்றையும் பாடி நிறுத்தும்படி பிருந்தாவனனிடம் சொன்னார்.

பிருந்தாவனனின் குரல் கரகரத்தது. ஆனால் பாட்டு! ஒவ்வோர் அடியும் மாலைமாற்று. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே அடி. யமுனைக்குப் போன ராதை மனசு கேட்காமல் திரும்பி வருவது எழுத்திலேயே நடந்தது. மனுஷன் எழுதியதா இது! உத்தவனுக்குப் புல்லரித்தது.

மூன்றாம் அடியோடு குரல் நின்றது. ஒரு மூச்சு நேரம் போயிருக்கும். நான்காம் அடி தானாக எழுந்தது, கதாதரரின் தொண்டையிலிருந்து.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்தது. "பாட்டுக்காரன்யா நான். வாய்க்கு வந்ததைக் கட்டினேன்."

"இதுதான் ஓலையில இருந்த அடின்னு பிருந்தாவனன் சொன்னா யாரும் நம்பமாட்டீங்க, அவர் மேலதான் பழி. பாட்டே சாட்சி சொல்லட்டும்," என்றார் லிங்கராஜ். "உத்தவா, அந்த அடியைக் கடைசியிலேருந்து சொல்லு."

உத்தவன் விரல்விட்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். அதே அடி வந்தது. "அடேயப்பா!"

லிங்கராஜ் கதாதரர் பக்கம் திரும்பினார். "இப்படி ஒண்ணு கட்ட இதை எழுதின மகாகவிக்கே தூக்கம் போயிருக்கும். நீங்க மூச்சு விடுற நேரத்துல கட்டினீங்களா? எங்கே, இன்னொண்ணு கட்டுங்க, உங்க கால்ல விழுறேன்."

கதாதரர் தம் மத்தளத்தைப் பக்கத்தில் இழுத்தார். அதன் உறைக்குள்ளிருந்து ஓலையை எடுத்து வைத்தார். "இதை வேற வாய் பாடக் கூடாதுன்னு தோணிடுச்சு. ஆசை, ஐயா. பேராசை."

பிருந்தாவனன் பாய்ந்து ஓலையைப் பிடுங்கினார். "திருடன்னாங்க, அதுகூட வலிக்கலய்யா. இதைப் போயி உறைக்குள்ள வளைச்சு வச்சிருக்கியே, ஒடிஞ்சிருந்தா?"

"அவருக்கு வலிக்காது," என்று நிரூபமா முன்னே வந்தாள். "எனக்கு வலிச்சுது. என்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

கதாதரர் கைகூப்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வெளியேறு என்று சொன்ன மடாதிபதியையே பார்த்து நின்றாள். அவரும் மெல்ல எழுந்து கைகூப்பினார்.