ஓர் இலைச் சோறு

சூலை இருபத்து நான்காம் நாள், வியாழக்கிழமை, ஆடி அமாவாசை. மேனாம்பேட்டில், மறைந்த உலகநாதனின் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில், அவருக்குப் படைத்த சோறு நண்பகல் கடந்தும் தொடுவாரின்றிக் காய்ந்துகொண்டிருந்தது. ஆடி அமாவாசையன்று காக்கை எடுக்காமல் அவ்வீட்டில் எவரும் உண்பதில்லை. காக்கையோ எங்குமே இல்லை. நாட்டில் எஞ்சியிருந்த கடைசிக் காக்கையும் தை மாதத்தில் இறந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்கள்.

அவர் மனைவி சரசா அதை நம்பவில்லை. தெருவுக்கு நூறாகக் கரைந்த பறவை எப்படி அற்றுப்போகும்? கீழே, தலைப்பிரசவத்திற்கு வந்திருந்த மகள் காவ்யா எட்டு மாத வயிற்றோடு பசித்துக் கிடந்தாள். தங்கையாவது சாப்பிடட்டும் என்று மகன் வெற்றிச்செல்வன் இருமுறை சொல்லிப் பார்த்தான். அப்பாவுக்கு முன்னால் தனக்கு வேண்டாம் என்று அவளே மறுத்துவிட்டாள்.

சரசா தொண்டை வறளக் கூப்பிட்டாள். தொழிற்பேட்டையின் இடையறாத இயந்திர இரைச்சலும், ஆறிப்போன வடையின் எண்ணெய் வாசனையும், அவற்றுக்கு மேலே வெளிறிய, வெறுமையான வானமும்தான் இருந்தன.

"காக்காவே இல்லாத ஊர்ல யார இட்டுகினு வரப் போறே? அப்பாவே எறங்கி வந்து துன்னாதான் உண்டு," என்ற வெற்றி, பழைய காக்கைக் கூட்டம் ஒன்றின் கரைச்சலைச் செல்போனில் தேடிப்பிடித்து, முழுச் சத்தத்தில் ஒலிக்கவிட்டான்.

பதில் வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து முதலில் ஒன்று. பிறகு எதிர்மாடியிலிருந்து, தெருக்கோடியிலிருந்து, ஏரிப் பக்கமிருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, காதை அடைக்கும்வரை. சரசா மனங்குளிர அண்ணாந்தாள். வானத்தில் ஒரு சிறகுகூட இல்லை.

தரையில் இருந்தன. கொதிக்கும் சிமெண்டுத் தளத்தில், இறக்கை விரித்த நிழல்கள் வட்டமிட்டு இறங்கின. பத்து. ஐம்பது. தளமே கறுத்தது. சுவரேறி இலையை மூடின. விலகின. ஒரு பருக்கையும் மீதமில்லை.

"நிறுத்துடா."

"அப்பவே நிறுத்திட்டேம்மா."

கரைச்சல் நிற்கவில்லை. இறந்த இனம் முழுவதையும் ஓர் இலைச் சோற்றுக்கு அழைத்துவிட்டார்கள்.

நிழல்கள் படிக்கட்டுப் பக்கம் திரும்பின. சரசா ஓடினாள். சமையலறையில் சோற்றுப் பானை காலி. குழம்பும் இல்லை. கூடத்துச் சுவர் முழுவதும் கறுப்பு. நெருக்கிக்கொண்டு. அசைந்துகொண்டு.

காவ்யாவின் வயிற்றின்மேல் ஒன்று. தலையைச் சாய்த்து.

சரசா விரட்டினாள். கை மகளின் வயிற்றில்தான் பட்டது. நிழல் அவள் விரல்களின்மேல் ஏறி நின்றது. சில்லென்றிருந்தது.

காவ்யா கண் விழித்தாள். "காக்கா எடுத்துச்சாம்மா? பசிக்குது."

அன்று மாலை முடிவாயிற்று: மறுநாள் முதல் விடியலில் அண்டா நிறையச் சோறு வடித்து மாடியில் கொட்டுவது, மீந்தால் வீட்டார் உண்பது. காவ்யாவைப் பூந்தமல்லிக்கு, கணவன் வீட்டுக்கு, அனுப்புவதில்லை. வாசல்வரை நடத்திப் பார்த்தார்கள். வயிற்றில் அமர்ந்தது இறங்கவில்லை.